பல்லும் சொல்லும்

‘பல்லுப் போனால் சொல்லுப் போச்சு’ என்பது நம் நாட்டுப் பழமொழி. முதியோரைப் பார்த்துச் சிறுவர் சொல்லி நகைப்பதும், தம்மைத் தாமே நோக்கி முதியோர் சொல்லிப் பெருமூச்சு விடுவதும் இப்பழமொழியே. இதில் எத்துணை உண்மை உண்டு? சொல் பல்லில் இருக்கின்றதா? நாவில் இருக்கின்றதா? அன்றி இவ்விரண்டையும் ஆளுகின்ற பயிற்சியில் இருக்கின்றதா? பேச்சையே பிழைப்பாகக் கொண்ட நடிகர்களின் வரலாற்றைத் துணையாகக் கொண்டு இவ்வினாவை இன்று சிறிது ஆராய்வோம்.

மதுரை மாநகரின் மேற்கே, தேனிக்குச் செல்லும் பெருவழியில் காளவாசல் என்றொரு பகுதி உண்டு. காளவாசல் என்னும் சொல்லுக்குச் சூளை என்று பொருள். இன்று அங்கே சூளை இல்லை. நாற்சந்தியும் மேம்பாலமும் இடையறாத ஊர்திகளின் இரைச்சலுமே உள்ளன. பெயர் மட்டும் நிலைத்து நிற்கிறது. பணி ஓய்வு பெற்றபின் நான் குடியிருப்பது அப்பகுதியில்தான். சில ஆண்டுகளுக்கு முன், தை மாதக் கடைசியில் ஒரு மாலை நேரம், என் பழைய மாணாக்கர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். அவர் மேடை நாடக நடிகர். ராஜபார்ட் வேடம் புனைபவர். பங்குனி பிறந்துவிட்டால் மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் ஆகிய வட்டாரங்களில் ஊருக்கு ஊர் திருவிழா; திருவிழாத்தோறும் ‘வள்ளி திருமணம்’. இரவு பத்து மணிக்குத் தொடங்கும் நாடகம் விடியும் வரை நடைபெறும். அந்நாடகத்தில் முருகனாக நின்று, பாட்டாலும் வாதத்தாலும் ஊரை விழிக்க வைப்பது அவருடைய தொழில்.

வந்தவர் வணங்கினார், வாய் திறந்து பேசினார். எனக்கு வியப்பு மேலிட்டது. வகுப்பில் செய்யுளை ஒலிக்கச் சொன்னால் மணி அடித்தாற்போல ஒலிக்கும் குரல் அது. அன்றோ ஒவ்வொரு சொல்லிலும் ஏதோ கசிந்தது. ‘த’ என்னும் எழுத்து மழுங்கியது. ‘ச’ என்னும் எழுத்து சீறியது. “என்ன தம்பி, வாயில் புண்ணா?” என்று கேட்டேன். “புண்ணும் உண்டு ஐயா. பல்லுக்குக் கிளிப் போட்டிருக்கிறேன். வெளியே தெரியக் கூடாதென்று உள்பக்கம் போட்டுக்கொண்டேன். முருகப்பெருமான் பல்லில் கம்பியோடு மேடைக்கு வரலாமா? ஆனால் இப்போது பேச்சே போய்விட்டது. பங்குனிக்கு ஆறு வாரம்தான் இருக்கிறது” என்றார்.

அவர் என்னிடம் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் எனக்கு மேல்வரிசையில் பொய்ப்பல் கட்டியிருந்தார்கள். பள்ளி விழா ஒன்றில் நான் உளறிப் பேசியதை அவர் கேட்டிருந்தார். பின்னர் ஒரு நாள் நான் தெளிவாகப் பேசியதையும் கேட்டிருந்தார். எவ்வாறு மீண்டேன் என்று அறிய விரும்பினார். அவருடைய கவலை என் கவலையினும் பெரிது. என் உளறலுக்கு மாணவர் சிரித்தால் அது ஒரு நாள் சிரிப்பு. மேடை நடிகன் உளறினால் அடுத்த ஊர் அவனை அழைக்காது. பங்குனி முதல் ஆடி வரை ஈட்டுவதே அவர் குடும்பத்துக்கு ஆண்டு முழுமைக்கும் சோறு.

உள்பக்கக் கம்பி என்பது யாது? வரிசை தவறிய பற்களைச் சீராக்குவதற்கு மருத்துவர்கள் ஒவ்வொரு பல்லின் மீதும் ஒரு சிறு பிடியை ஒட்டி, அப்பிடிகளின் வழியே ஒரு கம்பியை ஓட்டுவார்கள். கம்பி தன் பழைய வடிவுக்குத் திரும்ப முயலும். அம்முயற்சியில் பல்லை மெல்லத் தள்ளும். தள்ளப்படும் பக்கத்தில் எலும்பு கரையும். விட்டு விலகும் பக்கத்தில் புதிய எலும்பு வளரும். இவ்வாறு பல் அணுவணுவாக இடம் பெயர்கிறது. இதற்குப் பெரும்பாலும் ஓராண்டு முதல் இரண்டாண்டு வரையிலோ, அதற்கு மேலோ ஆகும். வழக்கமாகப் பிடிகளைப் பல்லின் வெளிப்புறத்தில், உதட்டை நோக்கி ஒட்டுவார்கள். அவற்றையே உட்புறத்தில், நாவை நோக்கி ஒட்டினால் பிறர் கண்ணுக்குப் புலனாவதில்லை. கண்ணுக்கு மறைந்தது நாவுக்கு மறையுமா? வெளிக்கம்பியால் உதடு படும் துன்பத்தை உள்கம்பியால் நா படுகிறது. அத்துடன் பேச்சும் இடறுகிறது.

அஃது ஏன் இடறுகிறது என்பதைத் தமிழ் படித்த மாணவர் எவரும் எளிதில் உணரலாம். தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் பிறப்பியல் என்று ஓர் இயல் வகுத்தார். உந்தியிலிருந்து எழும் காற்று தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் வேறு வேறு எழுத்தொலியாகப் பிறக்கிறது என்பது அவர் கண்ட உண்மை. ககரத்துக்கு நாவின் அடியும் அண்ணத்தின் அடியும் பொருந்த வேண்டும். சகரத்துக்கு நாவின் நடுவும் அண்ணத்தின் நடுவும் பொருந்த வேண்டும். டகரத்துக்கு நாநுனி அண்ண நுனியைத் தொட வேண்டும். தகரமும் நகரமும் பிறக்க வேண்டுமாயின், மேற்பல்லின் அடிப்பக்கம் அண்ணத்தோடு கூடும் இடத்தில் நாவின் நுனி பரந்து பொருந்த வேண்டும். லகரத்துக்கு நாவின் விளிம்பு தடித்து அப்பல்லடியை அணுக வேண்டும். கருவி ஒன்றும் இல்லாத காலத்தில், தம் வாயையே ஆய்வுக்கூடமாகக் கொண்டு கண்ட இவ்வுண்மைகள் இன்றைய ஒலியியலுக்கும் பெரும்பாலும் ஒத்தவையே.

இனி உட்கம்பியின் பிடிகள் ஒட்டப்படும் இடத்தை நோக்குங்கள். அவை மேற்பல்லின் உட்புறத்தில் உள்ளன. தகரமும் நகரமும் லகரமும் பிறக்கும் வாயிலிலேயே ஒரு வேலி நாட்டப்படுகிறது! சகரத்தைச் சீறொலியாக ஒலிக்கும்போது பல்லிடுக்கை நோக்கி ஓடும் காற்றும் அவ்வேலியில் மோதிச் சிதறுகிறது. ககரம், டகரம், ழகரம், ளகரம் ஆகியவற்றுக்கு அத்துணை இடர் இல்லை. பகர மகரங்களோ இதழால் பிறப்பவை, அவை தப்பிவிடுகின்றன. என் மாணாக்கரின் விதியைப் பாருங்கள்: ‘வள்ளி திருமண’த்தில் வரும் சொற்களோ நாரதர், நம்பிராஜன், தினைப்புனம், தணிகை, வேலன். வேலி போட்ட வாயிலில்தான் அவை அனைத்தும் நுழைய வேண்டியிருந்தது.

பல்லைச் சீராக்கும் முயற்சி புதியதன்று. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமாபுரியில் வாழ்ந்த செல்சஸ் என்பார், பால்பல் விழுமுன் புதுப்பல் தோன்றினால், பால்பல்லை நீக்கிவிட்டுப் புதுப்பல்லை நாள்தோறும் விரலால் அழுத்தி உரிய இடத்துக்குக் கொணரலாம் என்று எழுதினார். 1728ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டுப் பல் மருத்துவர் பியர் ஃபோஷார், பல்மருத்துவம் பற்றிய தம் பெருநூலை வெளியிட்டார். குதிரை லாட வடிவில் வளைந்த உலோகப் பட்டையில் பற்களை நூலால் கட்டி இழுக்கும் முறையை அதில் விளக்கினார். 1899ஆம் ஆண்டில் அமெரிக்கரான எட்வர்டு ஆங்கிள், பல் வரிசைக் கோளாறுகளை வகைப்படுத்தி, இத்துறையைத் தனி மருத்துவமாக நிலைநிறுத்தினார். நம் நாட்டில் 1920ஆம் ஆண்டில் டாக்டர் ரஃபியுத்தீன் அகமது கல்கத்தாவில் முதற் பல்மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். சென்னையில் அரசினர் பல்மருத்துவக் கல்வி 1953இல் தொடங்கியது.

நெடுங்காலம் வரை ஒவ்வொரு பல்லையும் சுற்றி உலோக வளையம் மாட்டித்தான் கம்பியைப் பூட்ட வேண்டியிருந்தது. 1955ஆம் ஆண்டில் மைக்கேல் புவனோகோர் என்னும் அமெரிக்க ஆய்வாளர், பல்லின் மேற்பூச்சை அமிலத்தால் சிறிது சொரசொரப்பாக்கினால் பசை அதில் உறுதியாக ஒட்டும் என்று கண்டார். அதன் பயனாகவே வளையம் போய்ப் பிடி வந்தது. பிடியை வெளிப்புறத்தில் ஒட்ட முடியுமாயின் உட்புறத்தில் ஒட்டுவதற்கு என்ன தடை? 1970களில் இருவர், ஒருவரை ஒருவர் சாராமல், இவ்வினாவை எழுப்பினர். ஒருவர் ஜப்பானியரான கின்யா ஃபூஜித்தா. தற்காப்புக் கலை பயில்வோர் முகத்தில் அடிபடும்போது வெளிக்கம்பி உதட்டைக் கிழித்துவிடும். அவர்களுக்காக அவர் உட்புறத்தை நாடினார். அவருடைய ஆய்வுக் கட்டுரை 1979இல் வெளிவந்தது. மற்றவர் அமெரிக்காவில் பெவர்லி ஹில்ஸ் நகரில் மருத்துவம் செய்த கிரேவன் கர்ஸ். பலர் முன்னிலையில் முகம் காட்டிப் பணிபுரிய வேண்டிய பெண் ஒருவர், கம்பி தெரிந்தால் வேலை போய்விடும் என்று அஞ்சியதால், அவர் இம்முறையை ஆராய்ந்தார். 1976இல் உரிமைக் காப்பு வேண்டி விண்ணப்பித்தார். மருத்துவ வசதியைவிடப் பிழைப்பின் நெருக்கடியே இக்கருவியைப் படைத்தது என்பது ஈண்டுக் கருதத்தக்கது. போர்க்கலை வீரனுக்கு உதடு. பலர் முன் பணிபுரியும் பெண்ணுக்கு முகம். ஒவ்வொருவருக்கும் ஒன்று பிழைப்பின் முதலாக அமைந்திருந்தது.

1980களின் தொடக்கத்தில் இம்முறை பரபரப்பாகப் பேசப்பட்டது. ஆயின் சில ஆண்டுகளில் ஆர்வம் தணிந்தது. பிடிகள் பருமனாக இருந்தன, நா புண்பட்டது, பேச்சு கெட்டது, மருத்துவர்களுக்கும் வேலை கடினமாக இருந்தது. பல்லின் நிறத்திலேயே பீங்கான் பிடிகள் வந்துவிடவே பலர் அவற்றை நாடினர். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் டிர்க் வீக்மன், ஒவ்வொருவரின் பல்லுக்கும் ஏற்பத் தனித்தனியே பிடிகளை வார்த்து, மெல்லியனவாக்கும் முறையைக் கண்டபின் உட்கம்பிக்கு மறுவாழ்வு வந்தது. மெல்லிய பிடியானாலும் பிடி பிடிதான். முதற் சில வாரங்களில் நா இடறவே செய்யும். பலர் சில வாரங்களிலும், சிலர் இரண்டு மூன்று மாதங்களிலும் பழகிக்கொள்கின்றனர்.

இங்கே ஒரு கேள்வி எழலாம். நம் பழைய நடிகர்கள் பல்லைப் பற்றி இத்துணைக் கவலை கொண்டார்களா? இல்லை. காரணம் எளியது. பழைய நாடகக் கொட்டகையில் பல் தெரியாது, சொல்தான் கேட்கும். எரிவிளக்கின் மங்கிய ஒளியில், அரிதாரம் பூசிய முகத்தைத் தொலைவில் அமர்ந்தவர் ஓரளவே காண்பர். ஒலிபெருக்கி இல்லாத அக்காலத்தில் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்தவனுக்கும் ஒவ்வோர் எழுத்தும் கேட்டாக வேண்டும். 1931ஆம் ஆண்டில் ‘காளிதாஸ்’ என்னும் பேசும்படம் வந்த பின்னரே நிலைமை மாறியது. ஒலிவாங்கி மெல்லிய குரலையும் ஏற்றது. ஒளிப்படக் கருவியோ பல்லின் இடுக்கையும் காட்டியது. நாடகம் நாவைச் சோதித்தது. திரைப்படம் பல்லையும் சேர்த்துச் சோதித்தது. இன்றைய நடிகர் இரண்டு தேர்விலும் தேற வேண்டியவராகிறார்.

நாவைச் சோதித்த அப்பள்ளிகளின் தலைநகரம் நம் மதுரையே. ‘பாய்ஸ் கம்பெனி’ என்று வழங்கிய சிறுவர் நாடகக் குழுக்கள் பல மதுரையின் பெயரைத் தாங்கியே விளங்கின. அவற்றுள் ஒன்று, தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் 1918ஆம் ஆண்டில் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை. டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவராக அதில்தான் சேர்ந்தனர். சண்முகத்துக்கு அப்போது வயது ஆறு. ‘வள்ளி திருமணம்’, ‘பவளக்கொடி’, ‘கோவலன்’ முதலிய நாடகங்களைத் தந்த சுவாமிகள், ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பர். அதில் அபிமன்யுவாக நடித்தவர் சிறுவர் சண்முகமே. எழுதியதைவிட அரிய செயல், அவ்வரிகளைச் சிறுவர்களின் நாவில் ஏற்றியது. பாடலும் உரையாடலும் முழுவதும் மனப்பாடமாக வேண்டும். எழுத்து ஒன்றும் சிதையக் கூடாது. அக்காலச் சிறுவர் குழுக்களில் கண்டிப்பு மிகுதி, அடியும் உண்டு. அடியை நாம் இன்று ஏற்க மாட்டோம். ஆயினும் அங்குப் பயின்ற நாக்கள் எழுபது வயதிலும் தடுமாறவில்லை என்பதையும் மறக்கலாகாது.

அச்சிறுவர்களுக்கும் உடலால் ஒரு சோதனை வரும். பதின்மூன்று, பதினான்கு வயதில் குரல் உடையும். நாடகக்காரர் அதனை ‘மகரக்கட்டு’ என்பர். நேற்று வரை வள்ளியாகப் பாடிய சிறுவன் இன்று வாய் திறந்தால் கரகரப்பு. குரலே செல்வமாக இருந்த உலகில் இது சிறிய இழப்பன்று. சிலர் அத்தோடு மேடையை விட்டு நீங்கினர். சிலர் பொறுத்திருந்தனர், பாட்டுக் குறைந்த வேடங்களை ஏற்றனர், புதிய குரலின் எல்லை எது என்று தேடினர், பிறகு ஆண் வேடங்களில் புகழ் பெற்றனர். ஒரே துன்பம் இருவருக்கும் வந்தது; ஒருவர் அதனை முடிவு என்று கொண்டார், மற்றவர் மறுபடியும் பாடம் தொடங்குகிறது என்று கொண்டார்.

சுவாமிகளுக்கு வந்த சோதனையோ இவை எல்லாவற்றினும் கொடியது. 1921ஆம் ஆண்டில் அவரைப் பக்கவாதம் தாக்கியது. கையும் காலும் முடங்கின. வாய் பேச இயலாது போயிற்று. ஆயிரக்கணக்கான வரிகளைப் பொழிந்த நா அசையவில்லை. ஆயினும் அவருடைய சபை ஊர் ஊராகச் சென்றபோது அவரும் உடன் சென்றார். தாம் பேச முடியாத சொற்களைத் தம் பிள்ளைகள் மேடையில் பேசக் கேட்டிருந்தார். 1922ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் புதுச்சேரியில் அவர் மறைந்தார். எல்லா இழப்பும் பயிற்சியால் மீளும் என்று நான் சொல்ல வரவில்லை. மீளாத இழப்பும் உண்டு. அதற்கும் ஒரு மாற்று உண்டு என்பதைச் சுவாமிகளின் கடைசி ஆண்டு காட்டுகிறது. கற்றுக்கொடுத்த சொல், கற்றவர் நாவில் வாழ்கிறது. இன்றும் திருவிழா இரவுகளில் நடிகர்கள் அவரைக் குருவாக வணங்குகின்றனர்.

இதே நாடக மரபில் வளர்ந்த மற்றொருவரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சிறுவராகச் சேர்ந்து நடிப்புப் பயின்றவர் எம்.ஜி. இராமச்சந்திரன். 1967ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள் துப்பாக்கிக் குண்டு அவர் கழுத்தில் பாய்ந்தது. உயிர் பிழைத்தார், ஆனால் குரல் பழைய குரலாக இல்லை. கணீரென்ற உச்சரிப்பு மங்கியது, சொற்கள் குழைந்தன. வேறொருவரைக் கொண்டு குரல் கொடுக்கச் செய்வது திரைப்படத்தில் இயலாத செயல் அன்று. எனினும் அவர் தம் குரலிலேயே பேசினார். அவ்வாண்டு வெளிவந்த ‘காவல்காரன்’ படத்திலேயே மாறிய குரலை மக்கள் கேட்டனர். கேட்டு, ஏற்றுக்கொண்டனர். அதன் பின்னர் பத்தாண்டுக் காலம் அவர் நடித்தார். 1978ஆம் ஆண்டில் ‘மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்’ வெளிவந்தது. அதற்குள் அவர் மாநிலத்தின் முதலமைச்சராகவும் ஆகிவிட்டார். மேடையில் பல்லாயிரவர் முன் அம்மாறிய குரலிலேயே உரையாற்றினார். அவருடைய அரசியலைப் பற்றிப் பலருக்குப் பல கருத்து இருக்கலாம். கேட்போரை நம்பித் தம் குறையோடு அவர்கள் முன் நின்ற துணிவு, நடிகர் அனைவருக்கும் ஒரு பாடமாகும்.

மேலைநாட்டு வரலாற்றிலும் இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. கி.மு. நான்காம் நூற்றாண்டில் ஏதென்ஸ் நகரில் வாழ்ந்த டெமாஸ்தனிஸ், பேச்சுத் தெளிவில்லாத இளைஞராக இருந்தார். வாயில் கூழாங்கற்களை இட்டுக்கொண்டு செய்யுட்களைச் சொல்லிப் பழகியே அவர் பெரும் பேச்சாளர் ஆனார் என்று புளூட்டார்க் எழுதியுள்ளார். மாணவர்களே, இக்கதையைக் கேட்டு யாரும் வாயில் கல்லைப் போட்டுக்கொள்ள வேண்டாம். தொண்டையில் சிக்கினால் உயிருக்கே கேடு. கதையின் கருத்து ஒன்றே: தடை இருக்கும்போதே பழகிய நா, தடையைக் கணக்கில் எடுத்துக்கொண்டு இயங்கக் கற்கிறது. டெமாஸ்தனிஸ் வேண்டிப் போட்டுக்கொண்ட தடையை, என் மாணாக்கருக்குப் பல் மருத்துவர் பசை வைத்து ஒட்டியிருந்தார். அவ்வளவே வேறுபாடு.

ஆகவே அன்று மாலை அவரிடம், “தம்பி, உனக்குப் பதினோராம் வகுப்பில் நான் பிறப்பியல் நடத்தினேனே, நினைவிருக்கிறதா?” என்றேன். “தேர்வுக்குப் படித்தது ஐயா, அதோடு சரி” என்றார். “இப்போது வாழ்வுக்குப் படி” என்று சொல்லிப் பழைய பாடத்தை மறுபடி தொடங்கினேன். முப்பதாண்டு கற்பித்த எனக்கும், அப்பாடம் இவ்வாறு பயன்படும் என்பது அன்றுதான் தெரிந்தது.

முதல் நாள்களில் வேகம் வேண்டாம் என்று தடுத்தேன். தா, தீ, தூ. நா, நீ, நூ. லா, லீ, லூ என்று நெடில்களை மட்டும் மெல்லச் சொல்லச் செய்தேன். பிடி இருக்கும் இடத்தைவிட்டுச் சற்று மேலே, ஈறு தொடங்கும் இடத்தில் நாநுனியை மென்மையாகத் தொடுமாறு கூறினேன். அழுத்தினால் ஒலியும் கெடும், நாவும் கிழியும். ஒரு வாரத்துக்குப் பின் சொற்கள், பின்னர் தொடர்கள், அதன் பின்னரே நாடக வசனம். காலை அரைமணி, மாலை அரைமணி. அதற்கு மேல் இல்லை. நா சோர்ந்தபின் செய்யும் பயிற்சி பிழையையே பழக்கமாக்கும். சொன்னதைக் கைப்பேசியில் பதிவு செய்து கேட்பார். நம் குரல் நம் செவிக்குள் ஒருவாறும் பிறர் செவிக்கு வேறொருவாறும் கேட்கும். ஆதலால் பதிவு செய்து கேட்பதே நேர்மையான ஆசிரியன். நாவை உரசிய பிடிகளின் மேல், மருத்துவர் கொடுத்த மெழுகைச் சிறிது உருட்டி வைத்துக்கொண்டார்; இளஞ்சூடான உப்புநீரால் வாய் கொப்பளித்தார். நான்கு ஐந்து நாள்களிலேயே புண் ஆறத் தொடங்கியது. மூன்றாம் வாரம் நகரம் தெளிந்தது. நான்காம் வாரம் தகரம் வந்தது. சகரம் மட்டும் கடைசி வரை முரண்டு பிடித்தது. ஒலிவாங்கிக்கு நேரே வாயை வைத்தால் அச்சீற்றம் பெரிதாகக் கேட்கும். சற்றுப் பக்கவாட்டில் திரும்பிப் பேசினால் குறையும். இதனை அவரே கண்டுபிடித்து எனக்குச் சொன்னார்.

பங்குனியில் முதல் நாடகம் சிற்றூர் ஒன்றில் நடந்தது. நானும் சென்றிருந்தேன். புறப்படுமுன் அவர், “கிழவர் வேடத்துக்குக் கவலை இல்லை ஐயா, குழறினாலும் பொருந்தும். வேடனாக வந்து வள்ளியோடு தர்க்கம் செய்யும் இடம்தான் அச்சமாக இருக்கிறது” என்றார். மேடைக்கு வந்தார்; வழக்கத்தைவிட நிதானமாகப் பேசினார். தர்க்கம் சூடு பிடித்தபோது பழைய வேகம் தம்மை அறியாமல் வந்துவிட்டது. ஓரிடத்தில் ‘தினைப்புனம்’ சிதைந்தது. முன்வரிசையில் சிலர் சிரித்தனர். எனக்கு நெஞ்சு துணுக்கென்றது. அவர் நின்றார், மூச்சு வாங்கினார், அச்சொல்லை மறுபடியும், இம்முறை ஒவ்வோர் எழுத்தாக, அழகாகச் சொன்னார். சிரித்தவர்கள் அடங்கினர். எனக்கு அருகில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர், “இந்த வருசம் பேச்சில் ஒரு அழுத்தம் வந்திருக்கு” என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆடி வரை அவருக்கு அழைப்புக் குறையவில்லை. இரண்டாண்டு கழித்துப் பிடிகளை எடுத்தபோது, நா மீண்டும் சில நாள் தடுமாறியதாம். வேலி இருந்த இடத்தில் வெறுமை இருந்ததால்!

இவ்வரலாற்றிலிருந்து மாணவர்கள் கொள்ளத்தக்கவை மூன்று. முதலாவது, பள்ளியில் படிக்கும் பாடம் எதுவும் வீண் அன்று. இரண்டாயிரம் ஆண்டுப் பழமை உடையதாகக் கருதப்படும் இலக்கண மரபு, நேற்று வந்த கருவிக்கு விளக்கம் தருகிறது. இரண்டாவது, உடலில் மாற்றம் வருமுன்னே அதற்குக் காலம் ஒதுக்க வேண்டும். பேச்சுப் போட்டி, நேர்முகத் தேர்வு, நாடகம் ஆகியவற்றுக்கு முந்திய வாரத்தில் பல்லுக்குக் கம்பி பூட்டிக்கொள்வது அறிவுடைமை ஆகாது. உட்கம்பி வேண்டுமா வெளிக்கம்பி வேண்டுமா என்பதையும், தம் தொழில் இன்னது என்று மருத்துவரிடம் சொல்லி அவர் அறிவுரைப்படியே முடிவு செய்ய வேண்டும். மூன்றாவது, வகுப்பில் பல்லில் கம்பியோடு பேசும் தோழனைக் கண்டோ, திக்கிப் பேசும் தோழியைக் கண்டோ நகைக்காதீர்கள். அவர்கள் அப்போது நீங்கள் செய்யாத ஒரு கடின வேலையைச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

பல்லுப் போனால் சொல்லுப் போகும் என்ற பழமொழி முழுப் பொய் அன்று. போகும், சில வாரங்களுக்குப் போகும். திரும்பி அழைத்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது. பொய்ப்பல் கட்டிய இந்த வாயால் இவ்வளவு நேரம் பேசியதை நீங்கள் பொறுமையோடு கேட்டீர்கள் அல்லவா? அதுவே என் கூற்றுக்குப் போதிய சான்று.